தெருவுக்கு அந்தப் பக்கம் லின்சி

எதிர்ச்சாரிக்குப் போவதற்குக் கார் எடுக்கும் ஒரே ஆள் வின்சம் காரவேதான் என்று எங்கள் ஊர் பர்ராவிண்டியில் கேலி பேசாதவர்கள் கிடையாது. நானும் பேசியிருக்கிறேன். அவர் வீடு என் பார்லருக்குப் பின்னால் உள்ள சந்தில் இருக்கிறது. அவர் கணவர் லின்சி இருப்பது பிரதான வீதிக்கு அந்தப் பக்கம், என் கடைக்கு நேர் எதிரே உள்ள முதியோர் இல்லத்தில். தினமும் காலை டீ வேளைக்கு வின்சம் தன் வெள்ளைக் கொரோலாவைச் சந்திலிருந்து வெளியே எடுப்பார். இடது பக்கம் திரும்பிப் போர் நினைவுத் தூண் வரை போவார். அதைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து, இல்லத்து வாசலில் வண்டியைப் பின்பக்கமாக எடுத்துச் சாய்வாக நிறுத்துவார். இறங்கும்போது கையில் பிளாஸ்க் இருக்கும். இல்லத்து டீயைக் குடித்தால் லின்சி சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவார் என்பது அவர் கட்சி.

கேலி பேசுகிறவர்கள் எங்கள் வீதியை எண்பது வயதில் நடந்து கடந்து பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் கம்பளி மூட்டை ஏற்றி வந்த மாட்டு வண்டிகள் ஒரே வீச்சில் திரும்ப வேண்டும் என்று வீதியை மைதானம் போலப் போட்டுவிட்டுப் போனார்கள். மாடுகள் போய்விட்டன, அகலம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஊருக்கு நடுவே போகும் நெடுஞ்சாலையும் இதுவேதான் என்பதால் தானிய லாரிகளும், ஊர் சுற்றுகிறவர்கள் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டிகளான கேரவன்களும் இதன் வழியாகத்தான் வரும். இளவட்டங்கள் ஓடிக் கடந்துவிடுவார்கள். முழங்கால் போனவர்களும் வாக்கர் பிடித்து நடப்பவர்களும் நடைபாதை ஓரத்தில் நின்று வானத்தைப் பார்ப்பார்கள்.

அப்போதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம் கை கொடுக்கும். காரில் வருகிறவர் பிரேக் போட்டு நிற்பார். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, உள்ளங்கையை ஆட்டிப் போகச் சொல்வார். சிக்னல் விளக்கு கிடையாது, நடப்பவர்களுக்கு வெள்ளைப் பட்டை கிடையாது, சட்டமும் கிடையாது. தெரிந்த முகம், அதனால் நிறுத்துகிறோம். இதில் எங்களுக்கெல்லாம் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. நகரத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் இதைக் காட்டிக் காட்டியே அவர்கள் உயிரை எடுப்போம்.

இந்தப் பழக்கத்தை ஊருக்குப் பழக்கியவரே வின்சம் என்றுகூடச் சொல்லலாம். கோதுமைப் பண்ணையில் பிறந்தவர். கால் பெடலுக்கு எட்டுவதற்கு முன்பே அப்பாவின் லாரியை வயலுக்குள் ஓட்டியவர். பிறகு பள்ளிப் பேருந்து ஓட்ட வந்து, ஓய்வு பெறும்வரை அதையே ஓட்டினார். நாங்கள் இறங்கியதும் அவர் இருக்கையை விட்டு எழுந்து, முன்னும் பின்னும் பார்த்து, கையைக் காட்டினால்தான் பேருந்துக்கு முன்னால் கடக்கலாம். ஊரில் இப்போது நரை விழுந்திருக்கும் பாதிப் பேர் அவர் கையசைவுக்குத் தெருவைக் கடந்தவர்கள்தான். கறிக்கடை நெவில் ஸ்டாக்டேலும் அதில் சேர்த்தி. காகித உருண்டை எறிந்து மாட்டிக்கொண்டதற்காக அவனை ஒரு பருவம் முழுக்கத் தன் பக்கத்து இருக்கையிலேயே உட்கார வைத்துக் கூட்டிப்போனார். அந்த வெட்கம் அவனுக்கு இன்னும் தீரவில்லை.

போன இலையுதிர் காலத்தில் கவுன்சிலிலிருந்து பிரையனி ஹாலோரன் என்ற பெண் சாலைப் பொறியாளர் வந்து, மாதர் சங்கக் கூடத்தில் ஊரைக் கூட்டினார். வீதிக்கு நடுவே ஒரு திட்டு கட்ட வேண்டும், இரண்டு பக்கமும் நடைபாதையை வீதிக்குள் கொஞ்சம் நீட்ட வேண்டும் என்பது அவர் யோசனை. பாதித் தூரம் நடந்தால் திட்டு வந்துவிடும். அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மீதியை நடக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் பார்த்தால் போதும். கார் ஓட்டும் வயதானவர்களுக்கும் இது நல்லது, நடப்பவர் எங்கிருந்து வருவார் என்று முன்கூட்டியே தெரியும் என்றார். எல்லாம் சரி, ஆனால் இரண்டு பக்கமும் சில கார் நிறுத்தும் இடங்கள் போய்விடும் என்றும் சொன்னார். அதில் ஒன்று நெவில் கடை வாசலில் இருந்தது. இன்னொன்று வின்சம் தினமும் வண்டியை நிறுத்தும் இடம்.

நெவில் குதித்தது பெரிதில்லை, அவன் பிறவியே அப்படி. கூட்டத்தைத் திருப்பியது வின்சம்தான். "எங்க ஊர்ல யாரும் திட்டுல ஏறி நிக்க வேண்டியதில்ல கண்ணு. இங்க மரியாதை இருக்கு. நாங்க நிறுத்துவோம்" என்றார். கூடமே கை தட்டியது. நான் அப்போது டீயோடு வைத்த ஸ்கோன் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன், இல்லாவிட்டால் நானும் தட்டியிருப்பேன். பிரையனி கை தட்டல் ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டு, "நீங்க நிறுத்துவீங்க. எதிர்ல வர்றவர் நிறுத்துவாரா?" என்று கேட்டார். ஊருக்குப் புதுசு, போகப் போகத் தெரிந்துகொள்வாள் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே டீயை ஊற்றப் போய்விட்டார்கள். திட்டம் கிடப்பில் போடப்பட்டது.

குளிர்காலத்தில் வின்சமுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. அந்த வயதில் கார் ஓட்ட வருஷா வருஷம் டாக்டர் கையெழுத்து வேண்டும். கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாத ஆளுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று டாக்டர் யோசித்து, யாராவது கூட உட்கார்ந்து ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்க்கட்டும் என்று அனுப்பிவிட்டார். இரண்டு பக்கமும் பிரேக் இருக்கும் காரில் ஒரு தேர்வாளர் வந்தார். வின்சம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். ஓட்டும் உரிமம் போய்விட்டால் லின்சியைப் பார்க்கப் போவது எப்படி என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதைத் தவிர வேறு எதைப் பற்றியும் அந்த வாரம் முழுக்க நினைத்திருக்க மாட்டார்.

நன்றாகத்தான் ஓட்டினாராம். ரவுண்டானா, பின்பக்கம் எடுப்பது, மேட்டில் நிறுத்திக் கிளப்புவது எல்லாவற்றிலும் குறை சொல்ல இடமில்லை. கடைசியாக எங்கள் வீதிக்குள் நுழைந்தபோது, பழைய தபால்காரர் கிளாட் ரென்ஷா கைத்தடியோடு நடைபாதை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். வின்சம் என்ன செய்திருப்பார் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நிறுத்தினார். கையைக் காட்டினார். கிளாடும் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். எதிர்ப்பக்கத்தில் வந்த தானிய லாரி வெளியூர் வண்டி. அந்த ஓட்டுநருக்குக் கிளாடையும் தெரியாது, எங்கள் கையையும் தெரியாது. ஹாரன் சத்தம் கேட்டு நான் ஜன்னலுக்கு ஓடியபோது, கிளாட் நடு வீதியில் தடியைத் தூக்கிப் பிடித்தபடி சிலையாக நின்றார். லாரி அவரை உரசாத குறையாகப் போனது. தொப்பியைக் காணோம்.

கிளாட் அன்று சாயங்காலமே பப்பில் உட்கார்ந்து இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தேர்வாளருக்கு அது வேடிக்கையாக இல்லை. வண்டிகள் ஓடும் பாதையில் காரணமே இல்லாமல் நிறுத்தியது பெரிய தவறு, சில மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டு மறுபடி வாருங்கள், அதுவரை ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஊரே கொதித்தது. மனிதாபிமானத்துக்குத் தண்டனையா என்று நெவில் கத்தியைத் தீட்டிக்கொண்டே முழங்கினான். நானும் கொதித்தவள்தான். ஆனால் வின்சம் கொதிக்கவில்லை. என் கடை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் என்னைப் பார்த்து, "கிளாட் அவன் பாட்டுக்கு ஓரமா நின்னுட்டிருந்தான், கோரல். நான் கை காட்டினதாலதான் இறங்கினான்" என்றார். நான் சமாதானமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கேட்டுக்கொள்ளும் முகமாக அது இல்லை. பயிற்சிக்கும் போகவில்லை, மறுபடி தேர்வுக்கும் போகவில்லை. கொரோலா கொட்டகையிலேயே நின்றது.

பிறகு ஆள் மாற்றி ஆள் எங்கள் காரில் அவரைக் கூட்டிப்போனோம். நான் போவேன், பக்கத்து வீட்டுப் பெண் போவாள், நெவில்கூட முணுமுணுத்துக்கொண்டே போவான். வாழ்நாள் முழுக்க ஊரையே ஏற்றி இறக்கிய மனுஷிக்கு, எதிர்ச்சாரிக்குப் போக ஒவ்வொரு காலையும் ஒருவர் கையை எதிர்பார்ப்பது எப்படி இருந்திருக்கும்? எல்லோருக்கும் வேலை வந்துவிட்ட நாட்களில் கேட்காமலேயே இருந்துவிடுவார். அந்த நாட்களில் லின்சி மதியச் சாப்பாட்டைத் தொடமாட்டாராம். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலது கை வராது. இடது கையால் சாப்பிடத் தெரியும், சாப்பிடத்தான் மனம் வராது. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லி, எங்கள் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருப்பார், தட்டு ஆறிப்போகும் என்று அங்கே வேலை செய்யும் மரிசெல் என்னிடம் சொன்னாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாமல் அன்றைக்கு வந்த வாடிக்கையாளர் மேல் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் காலையில் வின்சம் யாரையும் கேட்காமல், வாக்கரின் கூடையில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு வீதி ஓரத்துக்கு வந்துவிட்டார். நான் ஒருவருக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். கையுறையோடு வாசலுக்கு ஓடுவதற்குள் பள்ளி ஆசிரியர் ஒருவர் காரை நிறுத்திக் கையைக் காட்டிவிட்டார். வின்சம் இறங்கினார். பாதி வீதி வரை நன்றாகத்தான் போனார். அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை. எங்கள் நாட்டில் வடக்கேதான் வெயில், குளிருக்குப் பயந்து அங்கே போகும் கேரவன்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. நின்றிருந்த ஆசிரியருக்குப் பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். அவரும் எவ்வளவு நேரம்தான் நிற்பார், கிளம்பிவிட்டார். வின்சம் நடுக்கோட்டில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை. காற்றில் அவர் பாவாடை இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டு குறுக்கே ஓடினேன். அவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கத்துக்கே திரும்பி வந்தேன்.

கடைக்குள் வந்து உட்கார்ந்தார். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து, லின்சிக்குக் கொண்டுவந்த டீயை எனக்கு ஊற்றினார்.

"குடி. ஆறிடும்."

குடித்தேன். ஜன்னலுக்கு வெளியே கேரவன்கள் இன்னும் போய்க்கொண்டே இருந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டார்.

"எந்தப் பொண்ணு?"

"திட்டு கட்டணும்னு சொன்னாளே, அவ."

வசந்தம் வந்ததும் அதே கூடத்தில் மறுபடி கூட்டம் நடந்தது. பிரையனியைக் கூப்பிட்டது வின்சம். ஸ்கோன் சுட்டதும் வின்சம். கூட்டம் தொடங்கும் முன்பே நெவில் எழுந்துவிட்டான். இலையுதிர் காலத்தில் இதே இடத்தில் நின்று, எங்கள் ஊருக்குத் திட்டு வேண்டாம் என்று சொன்னது யார் என்று ஊருக்கெல்லாம் நினைவுபடுத்தினான். கடை வாசலில் கார் நிறுத்த இடமில்லாவிட்டால் வயதானவர்கள் கறி வாங்க எப்படி வருவார்கள் என்றும் கேட்டான். நியாயம் இல்லாத கேள்வி என்று சொல்லிவிட முடியாது.

"நெவில், உட்காரு" என்றார் வின்சம். அறுபதைத் தாண்டிய ஆள், கறிக்கடை முதலாளி, மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தான். கூடம் சிரித்தது, அவனும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

"சொன்னேன். அப்ப எங்கிட்ட கார் சாவி இருந்துச்சு, நெவ். அதான் அப்படிப் பேசினேன்" என்றார் வின்சம். "நாங்க நிறுத்துவோம்னு சொன்னேன், நிறுத்தினேன். என்ன ஆச்சுன்னு கிளாடைக் கேளுங்க. எனக்கும் ஒருத்தர் நிறுத்தினார். நல்ல மனுஷன், அவர் மேல தப்பில்ல. ஆனா நடு ரோட்டுல நான் நின்னப்போ அந்த மரியாதை என்கூட வரல. அங்க ரொம்பத் தனியா இருந்துச்சு."

இந்த முறை யாரும் கை தட்டவில்லை. கிளாட் தன் புதுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிரையனி வரைபடத்தை விரித்து, திட்டின் நடுவே தரை மட்டத்திலேயே வழி விடப்படும், படி ஏற வேண்டியதில்லை, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும், வண்டி வரும் திசையைப் பார்த்தபடியே நடக்கும் மாதிரி வழி கொஞ்சம் கோணலாகத் திரும்பியிருக்கும் என்று விளக்கினார். நடைபாதையை நீட்டினால் நிற்கிற காருக்குப் பின்னால் ஒளிந்து நின்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்றார். நெவிலுக்காக அவன் கடைப் பக்கத்துச் சந்தில் வயதானவர்களுக்கென்று அகலமான இடம் ஒன்று விடுவதாகவும் ஒத்துக்கொண்டார். இதையெல்லாம் அவர் முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார் என்று நினைக்கிறேன். அப்போது நாங்கள் கேட்கிற நிலையில் இல்லை.

கோடைக்காலம் முழுக்கத் தோண்டினார்கள். தொத்திறைச்சியில் தூசி விழுகிறது என்று நெவில் தினமும் கவுன்சிலுக்குப் போன் போட்டான். என் கடைக்கு வந்த பெண்கள் முடி காய்வதற்குள் மறுபடி தூசி படிந்தது என்று என்னைத் திட்டினார்கள். வின்சம் மட்டும் மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டு, வேலையாட்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டு, சிமென்ட் ஊற்றுவதை மேற்பார்வை பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார். அவர்களில் இரண்டு பேர் அவர் பேருந்தில் போனவர்களாம். வேலை மெதுவாகப் போனால் அவர்கள் அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினார். அவர்கள் அம்மாக்களும் இல்லத்தில்தான் இருக்கிறார்கள்.

திறப்பு விழா ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலையில் தடுப்புகளை எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். வின்சம் வாக்கரோடு வந்தார். என் கடையில் இருந்தவர்கள் எல்லாம் தலையில் சுருளும் கழுத்தில் துண்டுமாக ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றோம். நீட்டிய நடைபாதை நுனியில் நின்று வலது பக்கம் பார்த்தார். வண்டி இல்லை. நடந்தார். திட்டுக்குள் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு லாரி போனது, ஒரு கேரவன் போனது. யாரும் அவருக்குக் கை காட்டவில்லை, காட்டவும் தேவைப்படவில்லை. வழி கிடைத்ததும் மீதியை நடந்து இல்லத்துக்குள் போனார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். சுருள் போட்டிருந்த ஒருத்தி அதைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

முடிந்தது என்று நினைத்து நான் வேலைக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரம் கழித்து நெவில் தன் கடையிலிருந்து வெளியே வந்து என் ஜன்னலைத் தட்டினான். கையை நீட்டி எதிர்ப்பக்கத்தைக் காட்டினான். இல்லத்து வாசலில் சக்கர நாற்காலி ஒன்று வந்து நின்றது. அதில் கோட்டும் தொப்பியும் போட்டு, மடியில் கம்பளியோடு லின்சி. பின்னால் தள்ளுவது மரிசெல். பக்கத்தில் வாக்கரோடு வின்சம்.

லின்சி அந்த இல்லத்துக்குப் போனதிலிருந்து தன் வீட்டைப் பார்த்ததில்லை. அவரை நாற்காலியிலிருந்து தூக்கிக் கொரோலாவில் உட்கார வைக்க வின்சமால் முடியாது. ஒரு வருஷமாக ஊர் முழுக்க, வின்சம் அந்தப் பக்கம் எப்படிப் போவார் என்பதையே பேசிக்கொண்டிருந்தோம். லின்சி இந்தப் பக்கம் வரலாம் என்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

திட்டுக்கு வந்ததும் லின்சி நல்ல கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். வழி இருந்தும் அவர்கள் போகவில்லை. நடு வீதியில் மூன்று பேரும் நின்றார்கள். லின்சி தலையை மெதுவாகத் திருப்பி, வீதியை அந்தக் கோடி வரைக்கும், பிறகு இந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். அவசரப்பட யாருக்கும் காரணம் இருக்கவில்லை. பிறகு இந்தப் பக்கம் ஏறி, நெவில் கடையைத் தாண்டி, எங்கள் சந்துக்குள் திரும்பினார்கள். நெவில் இரண்டு ஆட்டுக்கறித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடினான்.

மதியம் தாண்டியும் மனசு அடங்காமல் நான் வின்சமுக்குப் போன் செய்தேன். நிறையப் பேச வேண்டும் என்றிருந்தது. பின்னால் தட்டும் கரண்டியும் மோதும் சத்தம் கேட்டது. அவர் என்னைப் பேசவே விடவில்லை.

"அப்புறமா பேசறேன், கோரல். லின்சி வீட்டுல இருக்கார்."

வைத்துவிட்டார்.